கொழும்பில் ஒரு பகல்: புறக்கோட்டையில் எங்கே நடப்பது, எதை வாங்குவது, எதைத் தொடாமல் வருவது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தோஹாவில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்புகிறீர்கள். காலை ஏழு மணிக்குக் கொழும்பில் இறங்கி, இரவு எட்டு மணிக்கு அடுத்த விமானம். அந்த இடைவெளியில் புறக்கோட்டைக் கடைத்தெருவைச் சுற்ற முடியுமா, ஏமாறாமல் என்ன வாங்கலாம், நகை அங்கே மலிவா? இவற்றோடு நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. வாங்கியதைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர முடியுமா? பெரிய பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும், உங்களிடம் இருப்பது கைப்பை மட்டும். என் பார்வையில் அன்றைய நாளை முடிவு செய்யப்போவது பேரம் அல்ல, அந்த ஏழு கிலோ கைப்பைதான். அதை மனதில் வைத்தே மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் புறக்கோட்டையில் கட்டடக் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், நடைபாதைக்காரர்கள் மட்டும் பரப்பியிருப்பார்கள். பௌர்ணமி நாளை அங்கே போயா என்பார்கள். மாதாமாதம் அரசு விடுமுறை, அன்று போவது வீண். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தில், அதாவது பன்னிரண்டு மணியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி வரை, முஸ்லிம் கடைகள் சாத்தியிருக்கும். பாதித் தெரு அவர்கள் கடைதான். மற்ற நாட்களில் ஒன்பது, ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஆறு வாக்கில் அடைப்பார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வர இந்தியக் கடவுச்சீட்டுக்கு இணைய வழி முன் அனுமதி வேண்டும். இரண்டு நாளுக்குள் கடந்து போகிறவர்களுக்கென்று தனி வகை உண்டு. அதை இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் எடுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் வாங்கும். தோஹாவில் பெட்டி போடும்போது பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் பெயர் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பயணமும் தனித்தனி டிக்கெட் என்றால் கொழும்பில் பெட்டியை நீங்களே எடுக்க வேண்டி வரும். முப்பது கிலோவை இழுத்துக்கொண்டு புறக்கோட்டையில் பத்தடி நடக்க முடியாது.

விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 187-ஆம் எண் பஸ் புறக்கோட்டையை ஒட்டிய கோட்டைப் பக்கம் கொண்டுபோய் விடும். கார் என்றால் கைப்பேசிச் செயலியில் பிடியுங்கள், வாசலில் நின்று விலை பேசாதீர்கள். பணத்தை விமான நிலைய வருகைப் பகுதியில் வரிசையாக இருக்கும் வங்கி முகப்புகளிலேயே மாற்றலாம், நகரத்து விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றரையை ஒட்டி வரும். மனக்கணக்குக்கு ஒரு வழி: அவர்கள் சொல்லும் விலையை இரண்டால் பெருக்கி ஏழால் வகுங்கள். 3,500 என்றால் நம் கணக்கில் 1,000. இதை விரல் நுனியில் வைத்துக்கொள்ளாதவர்கள்தான் 'ஆயிரத்து நானூறா!' என்று மலைத்து நல்ல பொருளை விட்டுவிட்டு வருகிறார்கள், அல்லது பெரிய எண்ணைக் கேட்டுப் பழகிவிட்டு எதற்கும் தலையாட்டுகிறார்கள். 5,000 ரூபாய்த் தாள்களாக வாங்காதீர்கள், நடைபாதையில் மாற்றித் தர மாட்டார்கள். பாதிக்கு மேல் 500, 1,000 தாள்களாகக் கேளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. அங்கே செல்லும். ஆனால் அது கியூஆர் அட்டை வைத்திருக்கும் கடைகளுக்கு மட்டும், பாய் விரித்து விற்பவரிடம் காசுதான்.

புறக்கோட்டை என்றாலே கோட்டைக்கு வெளியே இருக்கும் ஊர். ஆங்கிலத்தில் பெட்டா என்று வழங்குவது நம் பேட்டைதான். அதைக் குழப்பமான ஒரே சந்தை என்று நினைத்து நுழைகிறவர்கள் களைத்துத் திரும்புவார்கள். உள்ளே போனால் தெருவுக்கு ஒரு சரக்கு, பழைய வணிக ஊர்களின் ஒழுங்கு அது. கோட்டை ரயில் நிலையத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தெருவைக் கடந்தால் வரிசையாக மலிபன் வீதி, பிரின்ஸ் வீதி, கெய்சர் வீதி, பிறகு நடுநாயகமாகப் பிரதான வீதி, அதற்கும் அப்பால் பேங்க்ஷால் வீதி. இவை கிழக்கு மேற்காக ஓடும். இவற்றைக் குறுக்காக வெட்டுவது முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரை. இந்தக் கட்டத்தை மனதில் வரைந்துகொண்டால் வழி தவறாது. பிரதான வீதியின் மேற்கு முனையில் 1923-இல் பார்சிக் குடும்பம் ஒன்று எழுப்பிய கான் மணிக்கூண்டு, கிழக்கு முனையில் பழைய நகர மண்டபம். தொலைந்துபோனால் இந்த இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

முதலாம் குறுக்குத் தெரு மின்சாதனம், கைப்பேசிச் சாமான். தோஹாவிலிருந்து வருகிறவர் அங்கே நிற்க வேண்டியதில்லை, வேகமாகக் கடந்துவிடுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளி நிற்கும், 1908-இல் தொடங்கி அடுத்த வருடம் முடித்தது. அன்றைக்குப் புறக்கோட்டையில் வணிகம் செய்த இந்திய முஸ்லிம்கள் முன்னின்று கட்டியது. நம் கரைக்காரர்களுக்கு வேடிக்கை பார்க்கும் கட்டடம் மட்டும் இல்லை அது. நண்பகல் லுஹர் தொழுகையை அங்கேயே வைத்துக்கொண்டால் கால் ஆறும், கை கால் கழுவி ஒளூச் செய்யும் இடமும் கழிப்பிடமும் கிடைக்கும். கெய்சர் வீதிப் பக்கம் துணி. பேங்க்ஷால் பக்கம் ரிப்பன், மணி, ஜரிகை என்று தையற்காரர் சரக்கு. மலிபன் வீதி காகிதமும் எழுதுபொருளும். நான்காம் குறுக்குத் தெரு அரிசி, பருப்பு, வெங்காயம், சீனி மொத்த வணிகம். அங்கே வாங்க ஒன்றுமில்லை என்றாலும் ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள், லாரியிலிருந்து கடைக்கு மூட்டை போகும் வேகம் பார்க்க வேண்டியது. தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றி வருகிறவர்களை அங்கே நாட்டாமி என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல் கேட்டால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்கிறவர் ஞாபகம் வரும். அங்கே நாட்டாமி வந்தால் வழிவிட வேண்டியது உங்கள் வேலை, பாரம் ஏற்றிய வண்டியை அவரால் சட்டென்று நிறுத்த முடியாது. ஐந்தாம் குறுக்குத் தெருவை ஒட்டிய கேபோஸ் சந்தில் நாட்டு மருந்துக் கடைகள். அப்புறம் வடக்கே திரும்பினால் செட்டியார் தெரு, முழுக்க நகைக்கடை, நடுவே பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் விழாத் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். பழைய வழிகாட்டிகளில் மெனிங் சந்தையைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கும். அந்தக் காய்கறிச் சந்தை 2020-இல் பேலியகொடைக்குப் போய்விட்டது, மீன் சந்தை அதற்கும் முன்பே போய்விட்டது. பாம்பன் மீன் ஏலம் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றும் இழப்பில்லை.

மொழி பற்றிப் பயம் வேண்டாம். புறக்கோட்டையில் தமிழ் தெரியாத கடைக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சில சொற்கள் இடறும். 'காணுமா?' என்றால் போதுமா என்று பொருள், எதுவும் காணாமல் போகவில்லை. பாலில்லாத தேநீர் பிளேன்டீ. சிங்களக் கடைக்காரரிடம் 'கீயத?' என்றால் என்ன விலை, 'எபா' என்றால் வேண்டாம். அவர்கள் 'அய்யா' என்பது அண்ணனை. அறுபது வயதுக்காரரை மரியாதையாக அய்யா என்று நீங்கள் கூப்பிட்டால் அவர் சிரித்துக்கொள்வார், கோபப்பட மாட்டார்.

பேரத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: கண்ணாடிக் கதவும் அச்சடித்த விலைச்சீட்டும் உள்ள கடையில் பேரம் கிடையாது, நடைபாதையில் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மொத்தக் கடைகளில் கேட்கும் விதம் வேறு. 'குறைச்சுக் குடுங்க' என்பதை விட 'ஒண்ணு எடுத்தா என்ன, ஆறு எடுத்தா என்ன, டஜன் எடுத்தா என்ன' என்று கேளுங்கள். விலைப்படி தானாக இறங்கி வரும், யாருக்கும் முகம் கோணாது. நடைபாதையில் பாதி விலைக்குக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்று நான் நம்பவில்லை. ராமேஸ்வரம் சங்குக் கடையில் யாத்திரைக்காரரிடம் சொல்லும் விலையை அப்படி வெட்டலாம். உள்ளூர்க்காரர் தினம் வாங்கும் பனியனையும் செருப்பையும் அப்படி வெட்ட முடியாது, அதில் இருக்கும் லாபமே கொஞ்சம். முதல் மூன்று கடையில் விலை மட்டும் கேட்டு நாலாவது கடையில் வாங்குங்கள். காலையில் கடை திறந்ததும் நீளமாகப் பேரம் பேசிவிட்டு எதுவும் எடுக்காமல் திரும்புவதைத் தவிருங்கள், போணி கெட்டது என்ற வருத்தம் அங்கேயும் வியாபாரிகளுக்கு இருக்கும்.

எதை வாங்குவது? மலிவாகக் கிடைப்பதை அல்ல, ஊரில் அந்தத் தரத்தில் கிடைக்காததை வாங்குங்கள். பிளாஸ்டிக், பொம்மை, கைக்கடிகாரம் எல்லாம் அதே சீனக் கப்பலில் வந்தவை. முதலிடம் பட்டைக்கு. அங்கே கறுவா என்பார்கள். நம் பிரியாணிக்குப் போடுவது பெரும்பாலும் காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. தடித்திருக்கும், ஒற்றைச் சுருளாக இருக்கும், உடைக்க விரல் வலிக்கும். இலங்கைக் கறுவா சுருட்டு மாதிரி. காகித மெல்லிசில் பல அடுக்கு உள்ளுக்குள் சுருண்டிருக்கும், விரலால் நெரித்தாலே நொறுங்கும், வாசனையில் காரம் குறைந்து இனிப்பு தூக்கும். கல்லீரலுக்கு ஆகாத கூமரின் காசியாவில் அதிகம், கறுவாவில் மிகக் குறைவு. தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம். தரம் குச்சியின் பருமனில் இருக்கிறது. ஆல்பா என்பது ஆறு மில்லிமீட்டருக்குள், பென்சிலை விட ஒல்லி, அதுவே உச்ச விலை. சி5, சி4 என்பவை அடுத்தவை, எம், எச் என்று போகப்போகப் பருமன் கூடி விலை குறையும். வீட்டுச் சமையலுக்கு சி4 தாராளம். ஆல்பாவை அன்பளிப்புக்கு மட்டும் நூறு கிராம் எடுங்கள். தூளாக எதையும் வாங்காதீர்கள், தூளில் எந்த மரம் கலந்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

தேயிலையில் முதலில் பொட்டலத்தைப் பாருங்கள். வாளேந்திய சிங்கச் சின்னம் இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொட்டலம் கட்டியது. அந்தச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபையின் உரிமை. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற எழுத்துகள் இலை உடைந்த அளவைச் சொல்பவை, ருசியின் தரவரிசை இல்லை. ருசி, விளைந்த உயரத்தில் இருக்கிறது. நான்காயிரம் அடிக்கு மேல் விளையும் நுவரெலியாத் தேயிலை வெளிறிய நிறம், மணம் தூக்கல், பால் ஊற்றினால் காணாமல் போய்விடும். ரெண்டாயிரம் அடிக்குக் கீழே விளையும் ருஹுணுத் தேயிலை கறுத்துத் திடமாக இருக்கும். உங்கள் வீட்டில் பால் டீதான் என்றால் விலை கூடியதை வாங்கிப் பயனில்லை, தாழ்நிலத் தேயிலையே போதும். உதிரியாக வாங்க ஆசைப்பட்டால் ஒரு சோதனை: ஈரக் காகிதக் கைக்குட்டையில் ஒரு சிட்டிகை தூவிச் சில நிமிடம் விடுங்கள். உடனே செம்மஞ்சள் பொட்டுப் பொட்டாகப் படர்ந்தால் சாயம் ஏற்றியது.

மாசி, அதாவது அவித்துக் காயவைத்து இறுகிய சூரை மீன், உங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை, வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மாலத்தீவு மாசி புறக்கோட்டையில் நன்றாகக் கிடைக்கும். துண்டு மரக்கட்டை மாதிரி இறுகியிருக்க வேண்டும். இரண்டைத் தட்டினால் 'டக்' என்று காய்ந்த கட்டை ஓசை வர வேண்டும். 'பொத்' என்று வந்தால் உள்ளே ஈரம், எடைக்கும் காசு போகும், ஊருக்கு வருமுன் பூசணமும் பிடிக்கும். உடைத்த முகம் கருஞ்சிவப்பில் மினுங்கட்டும். சிறு துளைகளும் அடியில் மாவு மாதிரிப் பொடியும் இருந்தால் வண்டு விழுந்தது. அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம், இரண்டு உறையில் காற்றுப் புகாமல் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் சாபம் விடுவார். கருவாடு வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பதையே வீண் என்பார்கள், கொழும்பு வரை போய்க் கருவாடு வாங்கி வருகிற நம் கரைக்காரரைப் பற்றி என்ன சொல்வது!

துணியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகள் நடைபாதையில் கிடைக்கும். கழுத்துச் சீட்டைக் குறுக்கே வெட்டியிருந்தால் மிச்சச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம், அதுவே உத்தரவாதம் இல்லை. அக்குள் தையல், ஜிப், இரண்டு கையின் நீளம் இந்த மூன்றையும் அங்கேயே பாருங்கள், குறை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பத்திக் என்று விற்பதைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு பூசிச் சாயத்தில் முக்கியது என்றால் பின்பக்கமும் ஏறத்தாழ அதே நிறம், அச்சடித்தது என்றால் பின்னால் வெளிறியிருக்கும்.

இனி நகை. செட்டியார் தெருவில் நடந்து பாருங்கள், வாங்காதீர்கள் என்பதே என் பரிந்துரை. தங்கத்தின் அடிப்படை விலை உலகச் சந்தையில் முடிவாகிறது, எட்டு கிராம் பவுன் அங்கேயும் எட்டு கிராம்தான். வித்தியாசம் வருவது வரியிலும் கூலியிலும் சேதாரத்திலும். அதை நீங்கள் தோஹாவிலேயே ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்கு நம் சுங்கத்தில் நகைச் சலுகை உண்டு, ஆணுக்கு இருபது கிராம், பெண்ணுக்கு நாற்பது. நீங்கள் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அந்த இருபது கிராம் எல்லாம் சேர்த்து. தோஹாவில் வாங்கியதும் கொழும்பில் வாங்கியதும் ஒரே கணக்கில் வரும். சலுகையின் நுணுக்கங்கள் மாறக்கூடியவை, புறப்படும் வாரத்தில் சுங்கத் துறைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று, நம் ஊரில் 2023 ஏப்ரலிலிருந்து கடைகள் ஆறெழுத்து அடையாள எண் பதித்த நகையைத்தான் விற்க முடியும். அந்த எண் இல்லாத கொழும்பு நகையைப் பின்னாளில் மாற்றப் போனால் உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். கல் விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்கிறேன். கீழக்கரைக்காரருக்குக் கல் வணிகம் பரம்பரை என்றாலும், சூடேற்றிய நீலத்தையும் ஆலையில் வளர்த்த நீலத்தையும் வெறுங்கண்ணால் தெருவில் நின்று பிரிக்க முடியாது. அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

தொடவே கூடாதவை சில. காய்ந்த கடல் அட்டை இலங்கையில் உரிமத்தோடு நடக்கும் தொழில், கடையில் பகிரங்கமாகத் தெரியும். நம் நாட்டில் 2001-லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் 'அங்கே சட்டப்படி வாங்கினேன்' என்ற பேச்சு நம் விமான நிலையத்தில் எடுபடாது. பவளப்பாறைத் துண்டு, சங்கு, சிப்பி அலங்காரப் பொருட்களும் வேண்டாம். அடுத்தது நீர்மம். கித்துள் பாணி அருமையான பொருள், கூந்தல் பனையின் பதநீரைக் காய்ச்சியது. ஆனால் நூறு மில்லிக்கு மேல் போத்தல் கைப்பையில் போனால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். தேன், ஊறுகாய், அச்சாறு, மூலிகை எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கதி. பாணிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி வாங்குங்கள், கட்டியாக இருப்பதால் சிக்கல் இல்லை. நம் பனங்கருப்பட்டியோடு பக்கத்தில் வைத்துத் தின்று பார்க்க வீட்டில் சுவாரசியமாகவும் இருக்கும்.

ரயில் நிலையத்தருகே நல்ல தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசிக்கொண்டு ஒருவர் கூடவே நடந்து வந்தால், 'இன்னைக்குக் கோவில்ல யானை ஊர்வலம், இன்னைக்கு மட்டும்தான்' என்று சொன்னால், சிரித்துவிட்டு விலகுங்கள். அந்த ஊர்வலம் ஏதாவது ஒரு கல் கடை வாசலில் போய் முடியும், ஆட்டோக் கூலியும் உங்கள் தலையில். கடவுச்சீட்டு கழுத்துப் பையில் சட்டைக்குள் இருக்கட்டும். மழையை நம் ஊர்க் கணக்கில் யோசிக்காதீர்கள். நமக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழை, கொழும்புக்கு வைகாசியிலேயே தென்மேற்குப் பருவம் தொடங்கிவிடும், ஐப்பசியில் பிற்பகல் இடிமழை தனி. அரை மணி நேரம் கொட்டினால் குறுக்குத் தெருக்களில் கணுக்கால் தண்ணீர் நிற்கும், அதனால் மூடிய ஷூ வேண்டாம், வார் செருப்பு போதும். தாகத்துக்குச் செவ்விளநீர். நறுக்கி வைத்த பழத்தை விமானம் ஏறும் நாளில் தவிர்ப்பது நல்லது. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், ஒரு மணிக்கு இடம் கிடைக்காது.

நேரக் கணக்கு இப்படி வரும். ஏழு மணிக்கு இறங்கினால் வெளியே வர எட்டு, எட்டரை. புறக்கோட்டையில் ஒன்பதரை, பத்து. முதல் இரண்டு மணி நேரம் வாங்காமல் நடந்து விலை மட்டும் கேளுங்கள், சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் பிறகு வாங்குங்கள், காலையிலேயே வாங்கிச் சுமந்தால் மதியத்துக்குள் தோள் விட்டுப்போகும். எட்டு மணி விமானத்துக்கு ஐந்து மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதிவேகச் சாலையில் போவது அரை மணிதான், ஆனால் நகரத்தை விட்டு அந்தச் சாலையில் ஏறுவதற்குள் மாலை நெரிசலில் ஒரு மணி நேரமும் போகலாம். மூன்றரைக்குக் கிளம்பிவிடுங்கள். பையில் மாசியும் கருப்பட்டியும் அடியில், தேயிலை நடுவில், பட்டை எல்லாவற்றுக்கும் மேலே. அது நசுங்கினால் ஊருக்கு வந்து சேர்வது தூள்தான்.